பண்டிதரின் கேள்வியும் கணினியின் பதிலும்



"பாட்டு படித்தால் சோறு கிடைக்குமா? கம்ப்யூட்டர் படி" என்று பிள்ளைகளிடம் சொல்லும் பெற்றோர் நம் நெய்வேலி நகரியத்தில் உண்டு. ஆனால் இன்று இசை வரலாற்றையும் கணினியையும் இணைத்து ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெறும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது என்ன? ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் எழுப்பிய கேள்வியைப் பார்த்தால் புரியும்.

தஞ்சாவூரில் சித்த மருத்துவராக விளங்கிய ஆபிரகாம் பண்டிதர் (1859–1919), 1912 முதல் தம் சொந்தச் செலவில் இசை மாநாடுகளை நடத்தினார். கீழ் 'ச' முதல் மேல் 'ச' வரை எத்தனை சுருதிகள்? 22 என்றனர் பலர். அவரோ 24 என்றார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டிற்குத் தம் புதல்வியரையும் அழைத்துச் சென்று, இசைத்துக் காட்டி வாதிட்டார். 1917-இல் வெளிவந்த அவரது 'கருணாமிர்த சாகரம்' அந்த உழைப்பின் கனி.

அவரிடம் இருந்தவை செவியும் வீணையும் கணக்கும். ஏறக்குறைய நூறாண்டுக்குப் பின் இதே கேள்வியைக் கணினியிடம் கேட்டார்கள். ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில் பேராசிரியர் சேவியர் செரா தலைமையில் 'காம்ப்மியூசிக்' என்னும் திட்டம் 2011 முதல் 2017 வரை நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் பங்கேற்றது. பாடலைக் கணினி மிகச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குரலின் அதிர்வெண்ணை அளக்கும். குரல் எங்கெங்கே அதிகமாக நின்றது என்பது வரைபடத்தில் மேடுகளாகத் தெரியும்.

செராவும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல் வெளியிட்ட கட்டுரை, 12 சுரங்களுக்கு மேலான நுண்பிரிவுகளுக்கு வலுவான சான்று கிடைக்கவில்லை என்றது. கர்நாடக இசையில் குரல் சுரங்களுக்கு இடையே தொடர்ந்து இழைந்து செல்வதையும் சுட்டியது.

அப்படியானால் பண்டிதர் தோற்றுவிட்டாரா? அவசரப்பட வேண்டாம். அந்த ஆய்வு அளந்தது இக்காலப் பாடகர்களை. அக்காலத்தார் எப்படிப் பாடினார்கள் என்றறிய அக்காலப் பதிவுகள் வேண்டும். எதை அளப்பது, அளந்ததற்கு என்ன பொருள் என்று முடிவு செய்ய வரலாறு கற்ற மனிதர் வேண்டும்.

நம் ஊர்ச் சுரங்கத்தில் எவ்வளவு பெரிய இயந்திரம் இறங்கினாலும், மண்ணுக்கடியில் நிலக்கரி இருந்தால்தானே வெட்டியெடுக்க முடியும்? கணினியும் அப்படியே. பதிவாகாத பாட்டை அது கேட்க முடியாது. பாடியவர் பெயரும் ஆண்டும் இல்லாத பதிவைக் கொண்டு வரலாறு எழுதவும் முடியாது.

நம் பாடகர் குழுவின் பழைய ஒலிநாடாக்கள் எத்தனை வீடுகளில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றனவோ! இந்த வாரம் அவற்றைத் தேடி எடுங்கள். யார் பாடியது, எந்த ஆண்டு, எந்தத் திருவிழா என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். கணினி அறிந்த நம் இளைஞர்கள் அவற்றைக் கோப்புகளாக மாற்றித் தரட்டும். நாளை ஒரு மாணவி நம் பங்கின் பாடல்களை ஆராய வரும்போது, நம் கை வெறுங்கையாக இருக்கக் கூடாது. சிந்திப்போம், செயல்படுவோம்.