விழுந்த பெரியவரின் கழுத்தை நீவாதீர்கள்!



உங்கள் வீட்டுப் பெரியவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, "கழுத்து வலிக்குதே" என்கிறாரா? சுளுக்கு என்று நினைத்து நீவாதீர்கள். கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்காதீர்கள்.

மாதவிலக்கு நின்றபின் பெண்களுக்கு எலும்பின் கெட்டி குறைகிறது. வயதான ஆண்களுக்கும் இது வரும். இதுவே எலும்பு மெலிவு. இத்தகைய எலும்பு, நின்ற நிலையில் விழுந்தாலே முறியக்கூடும்.

கழுத்தில் 7 முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றின் நடுவே தண்டுவடம் செல்கிறது. முறிந்த எலும்பு நகர்ந்து அதை அழுத்தினால் கை கால் விழுந்துபோகும், மூச்சும் நின்றுபோகலாம்.

ஆகவே, விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தலை அசையாமல் பார்த்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. சிலருக்குக் கழுத்துப் பட்டையே போதும். முறிந்த எலும்பு நிலைகொள்ளாமல் ஆடினால் திருகாணியும் கம்பியும் வைத்துப் பிணைப்பார்கள். உளுத்த கட்டையில் திருகாணி நிற்குமா? அதனால்தான் மெலிந்த எலும்பு உள்ளவருக்கு, மேலும் கீழும் உள்ள எலும்புகளையும் சேர்த்துப் பிணைப்பதுண்டு.

"கம்பிதான் வச்சாச்சே, இனி மருந்து எதுக்கு?" என்று இருந்துவிடாதீர்கள். எலும்பு கெட்டிப்பட டாக்டர் தரும் மருந்தை விடாமல் கொடுங்கள். புகையிலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

நீங்களும் இளவயதிலேயே கேழ்வரகு, கீரை, பால் சேர்த்து உண்ணுங்கள். கிணற்றடிப் பாசியை இன்றே தேய்த்துக் கழுவுங்கள்.

விழாமல் காப்போம்! விழுந்தால் நீவாமல் காப்போம்!