ஈயம் போனது, வெந்நீர் நின்றது

ஈப்போவுக்குப் பிள்ளைகளோடு போனால் முதலில் தம்பூனுக்குத்தான் இழுப்பார்கள். சுண்ணாம்புக்கல் மலைகள் சூழ, நடுவில் நீர்ச்சறுக்குகளும் வெந்நீர்க் குளங்களுமாக இருக்கிறது ‘லோஸ்ட் வேர்ல்ட் ஆஃப் தம்பூன்’. 2004இல் இதைத் திறந்த சன்வே குழுமம், 1974இல் ஈயச் சுரங்கத்தில் தொடங்கிய நிறுவனம்.

ஈயத்தை விட்டுவிட்டு இந்த ஊரின் கதையைச் சொல்ல முடியாது. கருங்கல் மலைகளிலிருந்து மழை அரித்துக் கொண்டுவந்த ஈயத்தாது, கிந்தா பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல் குழிகளில் தங்கியது. அதை நீர் பீய்ச்சி எடுத்தார்கள், ஈயக்கப்பலால் வாரினார்கள், பெண்கள் குனிந்து நின்று தூலாங் தட்டில் அலசினார்கள். விலையைத் தாங்கிப் பிடித்திருந்த அனைத்துலக ஈய மன்றத்தின் பணம் 1985 அக்டோபரில் தீர்ந்தது. சந்தை விழுந்தது. சுரங்கங்கள் மூட, குட்டைகள் மிஞ்சின. நிலத்தடிச் சுடுநீர் மட்டும் எந்தச் சந்தையையும் கேட்காமல் ஊறிக்கொண்டிருந்தது.

ஈப்போவின் இன்னொரு பூங்காவுக்கு இப்படி ஊற்று எதுவும் இல்லை. மேரு ராயாவில் சுமார் 52 கோடி ரிங்கிட் செலவில் எழுந்த ‘மேப்ஸ்’ கேலிச்சித்திரப் பூங்கா 2017 ஜூனில் திறந்து, 2020 ஜனவரியில் மூடியது. கோவிட்மேல் பழி போட வழியில்லை. நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததே மார்ச்சில்தான். பெரிதாகப் பேசப்பட்ட டிரீம்வொர்க்ஸ் பகுதி கடைசிவரை திறக்கவேயில்லை. இரவல் பொம்மைகளை நம்பிய கணக்கு அது என்பது என் எண்ணம். தம்பூனில் மலைக்கு யாருக்கும் உரிமத்தொகை கட்ட வேண்டியதில்லை.

ஈயத்தின் கதை இதுவென்றால், ரப்பர்க்காட்டுக் கதைக்கு பத்து காஜா பக்கம் போக வேண்டும். ஸ்காட்லாந்திலிருந்து வந்து தோட்டத் துரையான வில்லியம் கெல்லி ஸ்மித் அங்கே கட்டத் தொடங்கிய மாளிகை, 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததும் பாதியில் நின்றது. டிக்கெட் வாங்கிப் படமெடுப்பவர்கள் பெரும்பாலும் அதோடு திரும்பிவிடுகிறார்கள். கொஞ்ச தூரத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. முதல் உலகப் போரை ஒட்டி வந்த விஷக்காய்ச்சலில் வேலையாட்கள் மடிய, மிஞ்சியவர்கள் கேட்டுக்கொண்டதால் துரை கட்டித்தந்ததாகச் சொல்வார்கள். அண்ணாந்து பாருங்கள்: மேலே சாமி சிலைகளின் வரிசையில் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஓர் உருவம் நிற்கும். அது துரைதான்.