உங்களுக்குத் தெரியுமா? மதுரையின் பெயரில் ஒரு நோய்

பாதம் வீங்கிச் சீழ் வடியும் ஒரு நோயை 1840களில் மதுரையில் பிரிட்டிஷ் மருத்துவர்கள் பதிவுசெய்ததால் அதற்கு ‘மதுரா ஃபுட்’ என்று பெயர் வந்தது. 1860இல் மருத்துவர் வாண்டைக் கார்ட்டர் அதைப் பூஞ்சை நோய் என விளக்கி ‘மைசெட்டோமா’ என்றார். ஆய்வுலகில் இந்தப் பெயரே நிலைத்தது. ஆகவே மாணவர் ஒருவர், மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இலவசத் தளமான பப்மெட்டில் பழைய பெயரை மட்டும் மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால் பல கட்டுரைகள் நழுவிவிடும். மாற்றுப் பெயர்களைத் தளமே சேர்த்துக்கொள்ளாதா? சேர்க்கும்தான், ஆனால் மேற்கோள் குறி போட்டால் அந்த வசதி நின்றுவிடும். சரி, ‘மெஷ்’ என்னும் பொருள்தலைப்பு போதாதா என்றால், அது இடப்படாத கட்டுரைகளும் அங்கே உண்டு. இரு பெயர்களுக்கும் நடுவே, ஆங்கிலப் பெரிய எழுத்தில், ‘அல்லது’ என்று பொருள்படும் ‘ஆர்’ (OR) போடுவதே பாதுகாப்பு. பாக்டீரியாவாலும் இந்நோய் வருவதால், அவ்வகையின் பெயரான ‘ஆக்டினோமைசெட்டோமா’வையும் சேர்த்தாக வேண்டும்.