ஆய்வில் சேர்ந்த முதல் வருடம்

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்து எல்லையோர ஊர்களிலிருந்து முனைவர் பட்ட ஆய்வுக்குப் போகும் பிள்ளைகளில் சிலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். நான் பார்த்தவரை அது மூன்றாம் வருடமோ நான்காம் வருடமோ நடப்பதில்லை. சேர்ந்த முதல் வருடத்திலேயே நடந்துவிடுகிறது. கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு, இவர்களை அந்த ஒரு வருடம் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்பதுதான் இப்போதைய ஒரே கவலை.

அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர், அம்மா அண்டி ஆபீசில் முந்திரி உடைக்கிறவர். வீட்டில் இதற்கு முன்னால் யாரும் பட்டப்படிப்பைத் தாண்டியதில்லை. “மக்களே, எம்.ஏ. முடிச்சாச்சு, பி.எட். முடிச்சாச்சு. இனியும் என்ன படிப்பு?” என்று அம்மா கேட்கிறாள். கோபத்தில் கேட்பதல்ல அது, உண்மையாகவே தெரியாமல் கேட்பது. மகளுக்கும் பதில் சொல்லத் தெரியாது. ஆய்வு என்றால் ஒரு நாளில் என்ன செய்ய வேண்டும் என்று அவளிடமும் யாரும் சொல்லவில்லையே.

பணத்திலிருந்தே தொடங்குகிறேன். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழிந்து மதிப்பீட்டில் தேறினால் 42,000. கேட்கப் பெரிய தொகை. ஆனால் அந்தத் தேர்வில் முதல் தாளின் 50 கேள்விகளும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ்ப் பாடத்துக்கான 100 கேள்விகள் மட்டுமே தமிழில். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை தன் பாடத்தில் சறுக்குவதில்லை, அந்த முதல் தாளில்தான் சறுக்குகிறாள். ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் ஐந்து வருடம் தளர்வு உண்டு. இந்தத் தளர்வு தெரியாமலே “வயசு போச்சு டீச்சர்” என்று சொல்லி ஒதுங்கிய பெண்களை எனக்குத் தெரியும்.

உதவித்தொகை கிடைத்தவர்களுக்கும் அது உடனே கைக்கு வராது. சேர்ந்ததற்கான அறிக்கை போக வேண்டும், வங்கி விவரம் சரிபார்க்கப்பட வேண்டும், பிறகு மாதாமாதம் நிறுவனம் இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். பணம் தாமதமானாலும் முதல் மாதத்திலிருந்து கணக்கிட்டு வந்துவிடும். ஆனால் அதுவரை பாறசாலையிலிருந்து ரயிலேறி, திருவனந்தபுரத்தில் இறங்கி, காரியவட்டம் வளாகத்துக்குப் பஸ் பிடித்துப் போய்வரும் செலவை யார் கொடுப்பது? இந்த இடைவெளியில்தான் ஒரு டியூஷன் சென்டர் வேலை வந்து சேர்கிறது. பிறகு அந்த வேலையே வாழ்க்கையாகி, ஆய்வு கைவிட்டுப் போகிறது. ஊர்க் கூட்டுறவுச் சங்கமோ தேவாலயமோ கரயோகமோ வட்டியில்லாமல் ஆறு மாதச் செலவைக் கைமாற்றாகக் கொடுத்தால் போதும். உதவித்தொகை வந்ததும் பிள்ளை திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

எல்லை தரும் தொல்லை தனி. எங்கள் வீடுகள் கேரளத்தில் இருக்கின்றன, பக்கத்துக் கல்லூரி பல சமயம் தமிழ்நாட்டில் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ எம்.ஏ. படித்த பெண் கேரளப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்குப் பதிவு செய்ய வந்தால் தகுதிச் சான்று வேண்டும், இடமாற்றுச் சான்று வேண்டும். அதோடு வில்லேஜ் ஆபீசில் பூர்வீகச் சான்று, மத்திய அரசுப் படிவத்தில் கிரீமிலேயர் அல்லாதவர் சான்று. இதையெல்லாம் வரிசைப்படுத்திச் சொல்ல ஒருவர் இருந்தால் அக்ஷயா மையத்தில் இரண்டு மூன்று நடையில் முடிந்துவிடும். இல்லையென்றால் விண்ணப்பத் தேதியே கடந்து போய்விடும்.

அடுத்தது கைடு. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகளைப் புதிதாகச் சேருகிறவர்கள் ஒருமுறையாவது முழுக்கப் படிக்க வேண்டும். பேராசிரியர் எட்டுப் பேரை வைத்துக்கொள்ளலாம், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு. ஓய்வுக்கு மூன்று வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்கக் கூடாது. ஆய்வுக் காலம் குறைந்தது மூன்று வருடம், கூடினால் ஆறு வருடம். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருடம் கூட்டித் தரலாம், 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. கல்யாணம் நிச்சயமானதும் “ஆய்வை விட்டுவிடு” என்று சொல்லும் வீட்டில், இந்த 240 நாளை எடுத்துச் சொன்னால் பேச்சு மாறுகிறது. நான் அதைப் பார்த்திருக்கிறேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இதழில் கட்டுரை வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை அந்த விதிகள் எடுத்துவிட்டன. அதனால் காசு வாங்கிக்கொண்டு கட்டுரை போடும் இதழ்களுக்குக் கொண்டுபோய்ப் பணத்தைக் கொட்ட வேண்டாம். அந்தந்தப் பல்கலைக்கழகம் தனியே என்ன கேட்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைப்புத் தேடி இவர்கள் தூரம் போக வேண்டியதே இல்லை. நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே பாலராமபுரம். பாலராம வர்மா மகாராஜா காலத்தில், அதாவது 1798-க்கும் 1810-க்கும் இடையில், தமிழ்ப் பகுதியிலிருந்து வரவழைக்கப்பட்ட சாலியர்களின் தெரு அங்கே இருக்கிறது. குழித்தறி, பாவு ஓட்டுதல், தெருவில் நூலை நீட்டிக் கஞ்சி போடுதல் என்று அந்தத் தொழிலின் சொற்களை மட்டும் திரட்டினாலே ஓர் ஆய்வேட்டின் பாதி ஆகிவிடும். அந்தத் தெருவின் பேச்சைக் காதால் கேட்டு, தமிழும் மலையாளமும் கலக்கும் இடத்தைச் சட்டென்று பிடிக்க எங்கள் பிள்ளைகளைவிட யாரால் முடியும்? முதல் வருடத்தில் தயங்குகிற பெண்ணிடம் நான் சொல்வது இதைத்தான்: உன் வீட்டுப் பேச்சு குறையல்ல, அது உன் கருவி.

இதற்கு முன்னோடி உண்டு. நாகர்கோவில் வடசேரியில் 1926-இல் பிறந்த வ. அய். சுப்பிரமணியம் அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையை 1963-இல் தொடங்கியவர். மலையாள வட்டார வழக்குகளை ஊர் ஊராக அளந்து பதிவு செய்யும் பெரிய வேலைக்கு இளைஞர்களைப் பழக்கினார். 1971-இல் திராவிட மொழியியல் கழகம் அவர் முயற்சியில் உருவானது. வருடாவருடம் மாநாடு, அடுத்து அதற்கென ஓர் ஆய்விதழ். புதிதாக ஆய்வுக்கு வருகிற ஒருவருக்குக் கட்டுரை படிக்க மேடையும், அதை அச்சில் பார்க்க இதழும் தேவை என்று அவர் நினைத்ததாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரும் அவரே.

இன்னும் பின்னால் போகலாம். களியக்காவிளையைத் தாண்டி அதிக தூரமில்லை, முஞ்சிறைப் பக்கம் பார்த்திவசேகரபுரம். ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலத்தை மாற்று நிலம் கொடுத்து வாங்கி, கோயிலும், காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு 95 சட்டர்களுக்கான, அதாவது மாணவர்களுக்கான, ஒரு கல்விச் சாலையும் அமைத்தான் என்று செப்பேடு சொல்கிறது. மூன்று வேதப் பிரிவினருக்கு 45, 36, 14 என்று இடங்கள். சேர்கிறவனுக்கு என்ன தகுதி, எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதெல்லாம் செப்பேட்டிலேயே உண்டு. படிக்க வந்தவன் சோற்றுக்கு அலையக் கூடாது என்று முதலில் நிலத்தை ஒதுக்கிவிட்டுத்தான் விதியைப் பேசினார்கள். அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த 95 இடங்களில் ஒன்றுகூட எங்கள் ஊர்த் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு இல்லை. ஆயிரம் வருடம் கழித்தும், இதே நெய்யாற்றின்கரைப் பக்கம் ஊருட்டம்பலத்தில், அய்யன்காளி பஞ்சமி என்ற ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுமியைக் கைபிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனபோது அந்தப் பள்ளியையே கொளுத்தினார்கள். அங்கிருந்து பி.எச்டி. பதிவு வரை வந்து நிற்கிற பிள்ளைகளைச் சான்றிதழுக்கும் பஸ் காசுக்கும் தோற்கவிடக் கூடாது.

பட்டம் வாங்கிய பிறகு வரும் வெறுமையும் கடினமானதுதான். மானியக் குழுவின் ராதாகிருஷ்ணன் போஸ்ட் டாக்டரல் ஃபெலோஷிப் 2022-இல் மாதம் 50,000 ரூபாயில் 900 இடங்களோடு அறிவிக்கப்பட்டது, மொழிப் பாடங்களும் அதில் அடக்கம். கேரள அரசும் முதலமைச்சர் பெயரில் நவகேரள ஃபெலோஷிப் தருகிறது. சென்னையில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்திலும் வாய்ப்புண்டு. எல்லாமே ஆய்வுத் திட்டத்தைப் படித்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கின்றன. அந்தத் திட்டத்தை வைவா முடிந்த பிறகு எழுத உட்கார்ந்தால் ஒரு வருடம் வீணாகும். ஆய்வேடு போய்ச் சேர்ந்த வாரமே தொடங்க வேண்டும்.

எங்கள் பகுதியில் கிராமந்தோறும் கிரந்தசாலை உண்டு. அவற்றில் ஒன்றிரண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மேஜையையும் இணைய இணைப்பையும் ஆய்வு மாணவர்களுக்கு ஒதுக்கட்டும். நெட் முதல் தாளை அங்கே கூடிப் படிக்கலாம், சினாப்சிஸை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேள்வி கேட்கலாம், வைவாவுக்கு ஒத்திகையும் பார்க்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் முறை வைத்து வந்து உட்காரலாம். முதல் முறையை நான் எடுத்துக்கொள்கிறேன். சாவி வைத்திருக்கும் நூலகச் செயலாளர்கள் சம்மதித்தால் வரும் ஜூன் நெட் தேர்வுக்கு முன்பே தொடங்கிவிடலாம்.