குற்றாலக் குரங்குகளின் கோபம்

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் கார், வேன், பேருந்து என்று வரிசை நீளும். ஐந்தருவிப் பக்கம் யாராவது நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தால் போதும், நாட்டுக் குரங்குகள் இறங்கி வந்துவிடும். வலுத்த கடுவன்தான் முதலில் வரும். அள்ளியதை விழுங்காமல் இரண்டு கன்னப்பைகளிலும் அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் வரும் இளங்குரங்கை வாயைத் திறந்து முறைக்கும். அது பல்லைக் காட்டிக்கொண்டே பின்வாங்கும். சிரிக்கிறது என்று பிள்ளைகள் கைதட்டுவார்கள். உண்மையில் அது பயந்து பணிவதன் அடையாளம். அடுத்த நொடியில் ஒரு மந்தி கடிபட்டு அலறும்.

இந்தக் கோபம் குரங்கின் பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டு நாம் அருவிக்குப் போய்விடுகிறோம். அறிவியல் வேறு விதமாகச் சொல்கிறது: கோபத்துக்கு உணவோடும் தொடர்பு உண்டு.

மூளைக்குள் நுழையப் போட்டி

டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தை 1901-ல் இங்கிலாந்தின் ஹாப்கின்ஸும் கோலும் பிரித்தெடுத்தார்கள். குரங்கோ மனிதரோ, உடலால் இதைத் தயாரிக்க முடியாது. உணவிலிருந்துதான் கிடைக்க வேண்டும். மனநிலை, தூக்கம், பசி, சினம் ஆகியவற்றில் பங்குள்ள செரட்டோனினை மூளை இதிலிருந்துதான் உண்டாக்குகிறது. வாழைப்பழத்தில் செரட்டோனினே இருக்கிறது, ஆனால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. டிரிப்டோபன் போகும். அதே வழியில் லூசின், டைரோசின் போன்ற வேறு அமினோ அமிலங்களும் முண்டியடிப்பதால், அதற்குக் கிடைக்கும் இடம் குறைவு.

வெர்வெட் குரங்குகள் காட்டியது

அமெரிக்காவில் மைக்கேல் ராலே குழுவினர் 1980-ல் வெளியிட்ட ஆய்வில், ஆப்பிரிக்க இனமான வெர்வெட் குரங்குகளுக்கு டிரிப்டோபனும், அது செரட்டோனினாக மாறும் வழியில் உருவாகும் 5-ஹைட்ராக்சி டிரிப்டோபனும் கொடுக்கப்பட்டன. அலைவதும், தனித்து ஒதுங்குவதும், மிரண்டு சுற்றிப் பார்ப்பதும் குறைந்தன. மற்றவற்றை நெருங்குவதும், பேன் பார்ப்பதும், ஓய்வெடுப்பதும், உண்பதும் கூடின.

1987-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், டிரிப்டோபன் இல்லாத அமினோ அமிலக் கலவையைக் குடித்த ஆண் குரங்குகளிடம் சண்டை அதிகமானது. டிரிப்டோபன் மிகுந்த கலவை, உணவுக்குப் போட்டியிடும் வேளையில் ஆண், பெண் இரண்டிடமும் சண்டையைக் குறைத்தது.

1991-ல் ராலே குழு 12 கூட்டங்களில் தலைமைக் கடுவனை அகற்றியது. ஒவ்வொரு கூட்டத்திலும் எஞ்சிய இரண்டு கடுவன்களில் ஒன்றுக்கு, செரட்டோனின் செயல்பாட்டைக் கூட்டும் டிரிப்டோபனோ ஃபுளுவோக்செடின் என்ற மருந்தோ கொடுக்கப்பட்டது. 12 கூட்டங்களிலும் அதுவே தலைவனானது. அதற்கு முன் மந்திகளோடு அதன் நெருக்கம் வளர்ந்திருந்தது. செரட்டோனினைத் தணிக்கும் மருந்து கொடுத்தபோது மற்றக் கடுவன் தலைமையைப் பிடித்தது. தலைமைக்கு வழி கடித்துக் குதறுவதில் இல்லை, உறவில் இருக்கிறது என்பதையே இது உணர்த்துகிறது.

பொட்டலம் செய்யும் வேலை

அப்படியானால் டிரிப்டோபன் உள்ள நிலக்கடலையைப் போடலாமே என்று தோன்றலாம். கூடாது. ஆய்வுக்கூடத்தில் அளந்து கொடுத்த கலவை வேறு, கூட்டத்தின் நடுவே வீசும் கடலை வேறு. கடலையில் மற்ற அமினோ அமிலங்களும் சேர்ந்தே வருகின்றன. அதைவிட முக்கியமாக, காட்டில் பழமும் கொழுந்தும் பூச்சியும் பல மரங்களில் பரந்து கிடக்கின்றன. எளிய குரங்குக்கும் ஒரு கிளை கிடைக்கும். நாம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டும்போது வலுத்தது அள்ளுகிறது, மற்றவை கடிபடுகின்றன. உணவுக்கான போட்டியை நாமே உண்டாக்கிவிட்டு, பழியைக் குரங்கின் மேல் போடுகிறோம்.

குரங்குகள் மேல் அன்புள்ளவர்கள் செய்யவேண்டியது எளியது. தின்பண்டத்தை வண்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள். மிச்சத்தைச் சாலையோரம் போடாதீர்கள். பிள்ளை கையில் பொட்டலம் கொடுத்துக் குரங்கின் அருகே நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். அவற்றுக்கு வேண்டிய டிரிப்டோபனைக் குற்றால மலை காலம் காலமாகக் கொடுத்துவருகிறது. அந்த வேலையை மலையிடமே விட்டுவிடுவோம்.