ஆடித் தீர்க்கும் பகை

நடனத்தையே போராக்கி, தாளம் தவறுபவர் தோற்பர் என விதி வகுத்த வீடியோ விளையாட்டுக்கள் பல உள. அவற்றுள் யப்பானின் செகா நிறுவனம் 1999 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் வெளியிட்ட 'ஸ்பேஸ் சனல் 5' தனித்து நோக்கத்தக்கது. விளையாட்டுத்தானே என்று ஒதுக்குவோர் ஒதுக்கலாம். ஆயினும் கதையும் இசையும் ஆடலும் ஒருங்கு கூடிய எதுவும் கலைத் திறனாய்வின் எல்லைக்குள் வந்தே தீரும்.

கதை நிகழ்வது 2499 ஆம் ஆண்டில். உலாலா என்னும் இளம்பெண் விண்வெளித் தொலைக்காட்சி நிலையமொன்றின் நிருபர். மொறோலியர் என்னும் வேற்றுலகத்தார் திடீரெனப் புகுந்து, அகப்பட்டவர்களை எல்லாம் அவர்தம் விருப்பிற்கு மாறாக ஆடவைக்கின்றனர். (கொல்லாமல் ஆட்டிவைக்கும் பகைவரைப் படைத்த கற்பனையை என்னென்பது!) செய்தி சேகரிக்கச் சென்ற உலாலா, ஒலிவாங்கி ஏந்திய கையோடு அவர்களை ஆடி வெல்ல வேண்டியவளாகிறாள்.

பொருதும் முறை எளிது போலத் தோன்றும், ஆனால் எளிதன்று. முதலில் பகைவர் ஆடுவர். ஒவ்வோர் அசைவிற்கும் மேல், கீழ், இடம், வலம் எனக் குரல் எழும். சுடுதலுக்கு 'சூ' என்னும் ஓசை. அவர்கள் ஓய்ந்ததும், அதே அடவுகளை அதே காலப்பிரமாணத்தில் விளையாடுவோர் பொத்தான்களை அழுத்தித் திருப்பி நிகழ்த்த வேண்டும். 1998 இல் வந்து பெரும் புகழ் பெற்ற 'டான்ஸ் டான்ஸ் றெவொலூசன்' போன்றவற்றில் அம்புக்குறிகள் திரையில் நகர்ந்து வந்து வழிகாட்டும். இங்கோ அத்தகைய குறி எதுவும் இல்லை. செவியும் நினைவுமே துணை. நட்டுவனார் சொல்லும் சொற்கட்டைக் காதில் வாங்கிக் காலில் இறக்கும் மாணவியின் நிலைதான். சுடும் பொத்தான்களும் இரண்டு. ஒன்று பகைவரை வீழ்த்த. மற்றையது பிடிபட்டோரை மீட்க. கண நேரத் தடுமாற்றத்தில் ஒன்றிருக்க மற்றொன்றை அழுத்தினால் மீட்கப்பட வேண்டியவர் கைநழுவிப் போவார்.

உலாலா, போர் வேளையில், தனக்கென ஓர் ஆட்டத்தை ஆடி வெல்வதில்லை. பகைவன் ஆடியதைப் பிசகின்றி ஆடியே வெல்கிறாள். தொடர் முழுவதும் மாறாத மரபு இது. மீட்கப்பட்டோர் அவள் பின்னே அணிவகுத்து, அவள் அடியை ஒற்றி ஆடி வருவர். பார்க்க இனிய காட்சிதான். ஆயினும் சற்று முன் மொறோலியரின் ஏவலால் ஆடியவர்கள் இப்பொழுது உலாலாவைப் பார்த்து ஆடுகின்றனர். ஆட்டுவிப்பவர் மாறினாரேயன்றி ஆட்டம் நின்றதா?

இதனினும் கூர்மையானது வெற்றியை அளக்கும் கோல். பார்வையாளர் வீதமே இங்கு புள்ளி. செம்மையாக ஆடினால் நிகழ்ச்சியைக் காண்போர் பெருகுவர், பிழைத்தால் குறைவர், குறித்த அளவு எட்டாவிடில் தோல்வி. தொலைக்காட்சிக் கதைக்கேற்ற வேடிக்கை என்றே முதலில் எண்ணத் தோன்றும். இறுதியில் உண்மை வெளிப்படுகிறது. மொறோலியரும் வஞ்சிக்கப்பட்டவர்களே, அவர்களை மூளைச்சலவை செய்து ஏவியவர் உலாலாவின் மேலதிகாரியான பிளாங்க், அந்நிலையத்தின் தலைவரே. நோக்கம் வேறொன்றுமில்லை, பார்வையாளரைப் பெருக்குவதே. விளையாடியவர் இத்தனை நேரம் எந்த எண் ஏற வேண்டுமென விரல் நோகப் பாடுபட்டாரோ, வஞ்சகனும் அந்த எண்ணுக்காகவே பாடுபட்டான்! செய்தித் தொழிலை எள்ளும் கதைகள் ஏராளம். நுகர்வோரையே உடந்தையாக்கும் கதை அரிது. அவனை அம்பலப்படுத்துவதும் ஒரு நிகழ்ச்சியாகவே அமைந்துவிடுகிறது. இம்முரணைப் படைத்தோர் தீர்த்து வைக்கவில்லை, தீர்க்காததே நன்று.

ஐந்நூறு ஆண்டு அப்பாலுள்ள உலகம் என்கிறார்கள். உடுப்போ நீள் காலணியும் குட்டைப் பாவாடையுமாக 1960 களைச் சேர்ந்தது. தலைப்பிசையாக ஒலிக்கும் 'மெக்சிக்கன் ஃபிளையர்' என்னும் எக்காள இசையும் கென் வூட்மன் அந்தப் பத்தாண்டில் ஆக்கியதே. தயாரிப்பாளர் தெட்சுயா மிசுகுச்சியும் குழுவினரும் காட்டியது எதிர்காலத்தையன்று. ஒரு தலைமுறை கண்ட எதிர்காலக் கனவை.

உலாலாவே ஒரு நகல் என்ற வழக்கும் எழுந்தது. 'டீ-லைட்' இசைக்குழுவின் பாடகி லேடி மிஸ் கியர், அப்பாத்திரம் தமது சாயலில் வார்க்கப்பட்டது என நீதிமன்றம் சென்றார். ஒப்புமை இருப்பினும் உலாலா போதிய அளவு உருமாறிய புதுப் படைப்பே எனக் கலிபோர்னிய மேன்முறையீட்டு நீதிமன்றம் 2006 இல் தீர்த்தது. பிறர் ஆடியதைத் திருப்பி ஆடுவதையே விதியாகக் கொண்ட விளையாட்டின் நாயகிக்கு இவ்வழக்கு நேர்ந்தது பொருத்தமோ, விந்தையோ!

2002 இல் வந்த இரண்டாம் பாகம் இசையில் முந்தியதை விஞ்சியது. கித்தார் வாசித்துப் போட்டியிடும் இடம் அதற்குச் சான்று. கதையில் அது தாழ்ந்தது என்பதே என் கருத்து. பர்ஜ் என்பவனின் கூட்டம் புறத்தேயிருந்து வரும் பகை. முதற்பாகத்தில் உள்வீட்டிலிருந்து வந்த பகைக்கு இருந்த நஞ்சு அதற்கில்லை. ஒன்று மட்டும் மனத்தில் நிற்கிறது. 2009 இல் மறைந்த நடனக் கலைஞர் மைக்கல் ஜாக்சன் முதற்பாகத்தில் மீட்கப்படுவோருள் ஒருவராகத் தோன்றியவர். இரண்டாம் பாகத்தில் நிலையத்தின் தலைவராகவே வருகிறார், தம் சொந்தக் குரலோடு. எண்ணுக்காக உலகை ஆட்டிவைத்தவன் இருந்த ஆசனத்தில் ஆடத் தெரிந்த ஒருவர்!

பின் நெடுங்காலம் புதிய பாகம் இல்லை. 2020 இல் வந்ததோ தலையில் திரைக்கருவி அணிந்து ஆடுவது. அதில் விளையாடுபவர் உலாலா அல்லர். அவளருகே நிற்கும் புதிய நிருபர். பொத்தானுக்குப் பதில் சொந்தக் கையும் உடலுமே அசைய வேண்டும். ஆயினும் அங்கும் முதலில் ஆடுபவன் பகைவன். அவன் ஓய்ந்த பின்னரே நமது முறை.