காலரா நச்சுப்புரதத்தின் படிக அமைப்பு

காலரா நச்சுப்புரதம் என்பது விப்ரியோ காலரே என்னும் பாக்டீரியா சுரக்கும் நச்சு ஆகும். இதன் ஒரு பகுதி நொதியாகச் செயல்பட்டு, மனிதக் குடற்செல்லில் உள்ள வேறொரு புரதத்தின் மீது வேதித்தொகுதி ஒன்றை ஒட்டிவிடுகிறது. காலரா (வாந்திபேதி) நோயில் ஏற்படும் கடும் நீரிழப்புக்கு இம்மாற்றமே முதன்மைக் காரணம்.

கண்டுபிடிப்பு

1884-இல் இராபர்ட் கோக் காலராக் கிருமியைக் கொல்கத்தாவில் தனியே பிரித்து வளர்த்தார். ஆனால் அக்கிருமி நோயை எவ்வாறு உண்டாக்குகிறது என்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை. 1959-இல் கொல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் தே, கிருமிகள் நீக்கப்பட்ட வளர்ப்பு நீர்மத்தை முயலின் குடலில் செலுத்தினார். கிருமி இல்லாதபோதும் குடலில் நீர் தேங்கியது. எனவே நோய்க்குக் காரணம் கிருமி வெளியிடும் நச்சே என்பது தெளிவாயிற்று.

படிக அமைப்பு

தூய புரதத்தைப் படிகமாக்கி, அதன் மீது எக்சு-கதிரைச் செலுத்தினால் கதிர்கள் குறிப்பிட்ட திசைகளில் சிதறுகின்றன. அச்சிதறலைக் கணக்கிட்டு அணுக்களின் இடங்கள் அறியப்படுகின்றன. இவ்வாறு பெறப்படும் புரத அமைப்பு சரியானதா எனச் சோதிக்க, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன் குழுவினர் 1963-இல் வெளியிட்ட இராமச்சந்திரன் வரைபடம் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

காலரா நச்சை மிகவும் ஒத்த ஈ. கோலை நச்சின் அமைப்பு 1991-இலும், காலரா நச்சின் அமைப்பு 1995-இலும் வெளியாயின. இதில் ஒரு 'ஏ' துணை அலகும் ஐந்து 'பி' துணை அலகுகளும் உள்ளன. ஐந்து 'பி' அலகுகளும் நடுவில் துளையுள்ள வளையம் போல் அமைந்து, செல்லின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்கின்றன. 'ஏ' அலகின் வால்பகுதி அத்துளையினுள் செருகியிருக்கிறது. அதன் மறுபகுதியான 'ஏ1' தான் நொதி.

செயல்படும் முறை

செல்லுக்குள் நுழையும் 'ஏ1', அங்குள்ள என்.ஏ.டி. மூலக்கூற்றிலிருந்து ஏ.டி.பி.-ரைபோசு தொகுதியைப் பிரித்து, ஜி-புரதத்தின் ஆர்ஜினின் அமினோ அமிலத்தில் இணைக்கிறது. ஜி-புரதம் ஒரு மின்விசை போன்றது. வேலை முடிந்ததும் தானே அணைந்துவிடும். அணைவதற்குத் தேவையான இடத்தில் தொகுதி ஒட்டிவிடுவதால் அது அணையாமலே நிற்கிறது. இதனால் செல்லில் சுழல் ஏ.எம்.பி. பெருகி, குளோரைடு அயனிகள் குடலுக்குள் வெளியேறுகின்றன. நீரும் உடன் செல்கிறது.

மனிதச் செல்லில் உள்ள ஆர்ஃப்6 என்ற புரதம் இந்நொதியைத் தூண்டுகிறது. அது இணையும்போது நொதியின் வினைமையம் திறப்பதை 2005-இல் வெளியான படிக அமைப்பு காட்டியது.

மருத்துவ முக்கியத்துவம்

1992-இல் சென்னையில் ஓ139 என்ற புதிய காலரா வகை கண்டறியப்பட்டது. கிருமியின் மேலுறை மாறியிருந்தும் நச்சு அதுவாகவே இருந்தது. நுண்ணுயிர் எதிர்ப்பி கிருமியைக் கொல்லும். செல்லுக்குள் ஏற்கெனவே புகுந்த நச்சை அகற்றாது. ஆனால் குளுக்கோசும் சோடியமும் சேர்ந்து உறிஞ்சப்படும் வழியை இந்நச்சு கெடுப்பதில்லை. ஆகவேதான் உப்பும் சர்க்கரையும் கலந்த உயிர்காக்கும் கரைசல் காலரா நோயாளியைக் காப்பாற்றுகிறது.